அவள் கீழே வந்து சேருமட்டும்

1

முதலே உண்மையைச் சொல்லிப்போடுறன். இந்தக் கதை ஒரு முழங்காலிலை இருந்து வந்தது. கற்பனை, அருள் எண்டு ஒண்டும் இல்லை. இடது முழங்கால். (வலது எண்டும் வைச்சுக்கொள்ளலாம். ஏன் எண்டு கீழே சொல்லுறன்.)

என்ரை பேர் சாரங்கா. ஸ்டுட்கார்ட்டுக்குக் கொஞ்சம் வெளியாலை, ஒப்பரேஷன் முடிஞ்ச ஆக்களுக்குத் திரும்ப நடை பழக்கிற ஒரு ரேஹா கிளினிக்கிலை ஃபிசியோவாய் இருக்கிறன். பகலிலை மற்ற ஆக்களின்ரை மூட்டுகளைப் பிடிச்சு மடக்கி நீட்டுறது, வீட்டை வந்து கதை எழுதுறது. இரண்டு வேலையிலையும் நான் சொல்லுற வசனம் ஒண்டுதான்: "இன்னும் கொஞ்சம். நோகும், ஆனால் வரும்."

முழங்காலின்ரை சொந்தக்காரி ஒரு ஒஸ்திரியாக்காரி. பனிமலையிலை ஸ்கீ ஓடுற வீராங்கனை. அவளின்ரை உண்மைப் பேரைச் சொல்லமாட்டன். எங்கடை தொழிலிலை ஒரு சட்டம் இருக்கு. நோயாளி ஆர், என்ன வருத்தம், என்ன கதைச்சவை எண்டு ஒருத்தரிட்டையும் மூச்சு விடக்கூடாது, கட்டின புருஷனிட்டையும்தான். ஜெர்மனிலை அதுக்கு ஷ்வைகஃப்ளிஹ்ட் எண்டு பேர். சொல்லிப் பாருங்கோ, வாய்க்குள்ளை புளியங்கொட்டையை வைச்சுக்கொண்டு கதைக்கிற மாதிரி இருக்கும். நான் அதை வாய்க்கட்டு எண்டுதான் சொல்லுறனான்.

ஆகவே இந்தக் கதையிலை அவள் புர்கி. வயது முப்பத்தொண்டு. ஊர் மாறியிருக்கு, தலைமயிரின்ரை நிறம் மாறியிருக்கு, வெண்ட போட்டிகள் மாறியிருக்கு. நோ மட்டும் மாறேல்லை.

2

முதல் தொடக்கம்: "வால்புர்கா என்கிற புர்கி, திரோல் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் மாடு வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தாள். மூன்று வயதில் அவளுடைய சிறிய கால்களில்…"

[வெட்டு. பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரிக் கிடக்கு.]

இரண்டாவது தொடக்கம்: "வெள்ளை. எங்கும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி…"

[வெட்டு. பனி வெள்ளை எண்டு சொல்லுறதுக்கு எழுத்தாளர் எதுக்கு?]

மூண்டாவது, நடந்தது நடந்தபடி:

"என்ன வேலை செய்யிறீங்கள்?" எண்டு கேட்டன். முதல்நாள் வாற எல்லாரிட்டையும் கேக்கிறதுதான். கால் எந்த வேலைக்குத் திரும்பப் போகுது எண்டு தெரிஞ்சால்தானே நான் அதைப் பழக்கலாம்.

அவள் என்னை வடிவாய்ப் பார்த்தாள். பேந்து சிகிச்சைக் கட்டில் ஆடுமட்டும் சிரிச்சாள்.

"மேலையிருந்து கீழே வாறது," எண்டாள். "அதுதான் என்ரை வேலை."

அவளின்ரை ஊரிலை பாண் பேக்கரிக்காரி, பஸ் ஓடுறவர், கோயில் பாதிரியார் எண்டு எல்லாரும் காலைப் பற்றித்தான் கேப்பினமாம். கடவுளே, கொஞ்சநாள் என்னை ஆரெண்டு தெரியாத ஒரு இடம் வேணும் எண்டுதான் எல்லை தாண்டி ஜெர்மனிக்கு வந்தவள். எனக்கு அவளைத் தெரியாமல் போனது அவளுக்குப் பெரிய சந்தோஷம். வந்த எட்டு மாசமும் தெர்மின், அதுதான் வாற நாளும் நேரமும், என்னட்டையே கேட்டு வாங்கினாள்.*

* புர்கி கதைச்சது திரோல் ஜெர்மன், பாதிச் சொல்லை விழுங்கிற பாஷை. நான் அவளுக்கு யாழ்ப்பாணத் தமிழ் குடுத்திருக்கிறன். மூண்டாம் கிழமையிலை இருந்து மரியாதையை விட்டிட்டு உரிமையாய்க் கதைச்சவள். 'நீ' எண்டு போட எனக்கு மனம் வரேல்லை. என்ரை மனுசன் என்னைக் கூப்பிடுற 'நீர்'தான் சரியாய்ப் பொருந்துது.

3

இப்ப சிக்கலுக்கு வருவம். சிக்கலின்ரை பேர் தபோதரன். என்ரை மனுசன்.

(இந்தப் பாத்திரத்தை நீங்கள் நம்பப்போறதில்லை. நானே மாத்திப் பார்த்தன். அவரை ஒரு பவேரியாக் கிழவனாக்கி, கையிலை பியரும் குடுத்தன். சரிவரேல்லை. பவேரியாக் கிழவன் மிளகாய் சுடமாட்டான். அந்த இடம் வரேக்கை விளங்கும்.)

தபோவுக்குக் கார் உதிரிப்பாகம் செய்யிற தொழிற்சாலையிலை வேலை. சொந்த ஊர் கரவெட்டி. பனியைக் கண்டால் திட்டுவார். வாசல் பனியை வழிக்கச் சொன்னால் இடுப்பு நாரி நோகுது எண்டுவார். ஆனால் பனிக்காலத்துச் சனி ஞாயிறு எண்டால் காலமையே ரீவிக்கு முன்னாலை இருந்திடுவார். ஸ்கீ. அதிலையும் பொம்பிளையளின்ரை அப்ஃபார்ட், மலை உச்சியிலை இருந்து கொடிகளுக்கு நடுவாலை ஒரே பாய்ச்சலாய்க் கீழே வாற ஓட்டம்.

இது அகதி முகாமிலை தொடங்கின பழக்கம். வேலை செய்ய விடமாட்டினம், படிக்கவும் வழியில்லை, ரீவி அறை மட்டும் இருந்தது. பாஷை தெரியாத ஆளுக்குச் செய்தியும் விளங்காது, படமும் விளங்காது. "ஸ்கீ விளங்குமப்பா," எண்டு சொல்லுவார். "கீழே வந்து சேர்ந்தால் சரி, விழுந்தால் பிழை. இதுக்கு என்ன பாஷை?"

மற்ற சனம் முதல் இருபது பேர் ஓடி முடிய ரீவியை நிப்பாட்டிப்போடும். வெல்லுற ஆக்கள் அதுக்குள்ளை வந்திடுவினம். அதுக்குப் பிறகு வாறது பேர் தெரியாத பிள்ளையள், முன்னம் ஓடின ஆக்களாலை உழுதுபோட்ட வயல் மாதிரிக் கிடக்கிற பாதையிலை. தபோ கடைசி நம்பர் வருமட்டும் எழும்பமாட்டார். ஏன் எண்டு கேட்டால், "வரிசையின்ரை கடைசியிலை நிண்டு பார்த்தால் தெரியும் உமக்கு," எண்டுவார். நான் இஞ்சை வந்தது ஆறு வயதிலை. அகதி வரிசையிலை நிண்டது அப்பா, நான் அவரின்ரை தோளிலை நித்திரை. அதாலை நான் எழும்பித் தேத்தண்ணி ஊத்தப் போயிடுவன்.

அப்பிடித்தான் தபோ புர்கியைக் கண்டுபிடிச்சவர். அவளின்ரை சரித்திரத்தை நான் ஒரு இடமும் தேடி வாசிக்கேல்லை. என்ரை நோயாளி ஆரெண்டு எனக்குத் தெரியமுதலே, இடியப்பத்துக்கும் சொதிக்கும் நடுவிலை எல்லாம் காதிலை விழுந்திருக்கு, நான்தான் கவனிக்கேல்லை.

"பதினெட்டு வயதிலை முதல் உலகக்கிண்ண ஓட்டம். நம்பர் ஐம்பத்துநாலு. வெண்ட பிள்ளையள் பூவும் வாங்கி முடிஞ்சுது, கமராக்காரர் வயர் சுத்துறாங்கள், அப்ப வாறாள் இவள். பதினேழாம் இடம். அந்தக் கிழிஞ்ச பாதையிலை பதினேழு எண்டால் என்ன விளையாட்டே? இருபது வயதிலை முதல் முழங்கால் போச்சுது. திரும்பி வந்து கனடாவிலை மூண்டாம் இடம். அடுத்த வரியம் இத்தாலியிலை முதல் வெற்றி. பேந்து உலகப்போட்டியிலை வெண்கலம். பேந்து மற்ற முழங்கால். அதுக்கும் திரும்பி வந்தாள். தங்கம் இல்லைத்தான். இல்லாட்டி என்ன? இவளைப்போலை திரும்பி வாறதுக்கு ஆர் இருக்கினம்?"

4

போன பனிக்காலம், பவேரியாவிலை ஒரு மலை. (மலையின்ரை பேரும் வாய்க்கட்டுக்குள்ளை.)

புர்கி ஓடுறாள். மேலை பார்த்த நேரம் பச்சை, நடுவிலை பார்த்த நேரமும் பச்சை. பச்சை எண்டால் எல்லாரையும்விடக் கெதியாய் வாறாள் எண்டு அர்த்தம். தபோ கதிரையை விட்டு எழும்பிட்டார். "இண்டைக்கு இவள்தான். எழுதி வைச்சுக்கொள்ளும்," எண்டார். சொன்ன வாய் மூடேல்லை, கடைசிக்கு முதல் வளைவிலை புர்கி பிரண்டு, வலைக்குள்ளை போய் விழுந்தாள். பிறகு ஹெலி வந்தது. அந்தக் கயிற்றிலை அவள் தொங்கிக்கொண்டு போறதை எல்லாரும் பார்த்தம்.

எங்கடை சனத்துக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவைக்காகச் சொல்லுறன். ஒருத்தருக்கு வாற நன்மையை வாய்விட்டுச் சொன்னால் அது பட்டுப்போகும். நாவூறு. குழந்தை கொழுகொழு எண்டு இருக்கு எண்டு ஆரும் சொன்னால் விடியமுன்னம் அதுக்குக் காய்ச்சல். அதாலைதான் பிள்ளை டொக்டருக்குப் படிச்சு முடிச்சாலும் நாங்கள் "பறவாயில்லை" எண்டு சொல்லுறது.

தபோ குசினிக்குப் போனார். ஒரு கைபிடி உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்தார். ரீவிச் செய்தியிலை புர்கியின்ரை படம் வருமட்டும் காத்திருந்து, படத்தைச் சுத்தி மூண்டுதரம் கையைச் சுழட்டினார். எங்கடை அடுப்பு கண்ணாடி அடுப்பு, நெருப்பு இல்லை. பழைய தாச்சி ஒண்டைச் சூடாக்கி அதுக்குள்ளை கொட்டினார். அவ்வளவுதான். வீடு முழுக்கப் புகை. கூரையிலை இருந்த ரவுக்மெல்டர், புகை வந்தால் கத்துற அந்தச் சாமான், கட்டிடம் முழுக்கக் கேக்கக் கத்தத் தொடங்கிச்சு. கீழ்வீட்டு மனுசி இரவுச் சட்டையோடை வாசலிலை நிண்டு இருமுறா.

நான் யன்னலைத் திறந்துபோட்டு, இருமிக்கொண்டே சொன்னன்: "இஞ்சருங்கோ, மிளகாய் கமறாட்டித்தான் நாவூறு இருக்கு எண்டு அர்த்தம். உங்கடை அம்மா சொன்ன கணக்குத்தான். இந்தக் கமறு கமறுது. அப்ப உங்கடை வாயிலை பிழையில்லை."

"இது துருக்கிக் கடை மிளகாய்," எண்டார். "இதுக்கு என்ன தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அவர் சிரிக்கேல்லை. அண்டையோடை ஸ்கீ பார்க்கிறதை விட்டிட்டார். சனிக்கிழமை காலமையிலை ரீவி கறுப்பாய்க் கிடக்கும், அவர் பல்கனிக் கதவடியிலை நிண்டு தேத்தண்ணி குடிப்பார். "நான் பார்த்தால் பிள்ளைக்கு ஆகாது," எண்டு ஒருக்காச் சொன்னார்.

இரண்டு மாசம் கழிச்சு அந்த முழங்கால் என்ரை கட்டிலிலை வந்து கிடக்குது. முதல்நாள் எனக்குத் தெரியேல்லை. இரண்டாம்நாள் ஃபைலை வடிவாய் வாசிக்கேக்கைதான் விளங்கினது, அட கோதாரி, இவள்தான் அவள். பின்னேரம் வீட்டிலை தபோ சோத்துக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "எங்கை கிடக்கிறாளோ, கால் எப்பிடி இருக்கோ, பாவம்," எண்டு சொல்லுறார். ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம் அந்தக் காலை என்ரை மடியிலை வைச்சிருந்தவள் நான். ஒண்டும் சொல்ல ஏலாது. பருப்பைக் கிளறினன்.

5

[இந்தப் பகுதியை நாலுதரம் எழுதினன். ஒவ்வொருதரமும் வடிவாய் எழுதிக் கெடுத்துப்போட்டன். இது வடிவில்லாதது.]

ஸ்கீ ஓடுற ஆக்களிட்டை ஒரு பழக்கம் இருக்கு. ஓட்டத்துக்கு முன்னம் பாதையை ஒருக்கா மெதுவாய் இறங்கிப் பார்ப்பினம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையைப் பாம்பு மாதிரி நெளிச்சு, ஒவ்வொரு கொடியாய் மனதுக்குள்ளை ஓடிப் பார்ப்பினம். புர்கி இதை என்ரை கட்டிலிலை செய்தாள். காலை நான் மடக்குறன், அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை நெளிக்கிறாள். முதலிலை நோவிலை செய்யிறாள் எண்டு நினைச்சன்.

கை எப்பவும் ஒரு இடத்திலை நிண்டுபோகும். கடைசிக்கு முதல் வளைவு. அதுக்கு அங்காலை போகாது. கால் மடங்கத் தொடங்கிச்சு, நடந்தாள், படி ஏறினாள், ஒற்றைக் காலிலை துள்ளினாள். கை அந்த வளைவிலையே நிண்டது.

ஒருநாள் அவள் அப்பிடி நிண்டுபோய் முகம் வெளிறிக் கிடக்கேக்கை, சும்மா சிரிக்கப்பண்ணுவம் எண்டு மிளகாய்க் கதையைச் சொன்னன். என்ரை மனுசனின்ரை இரகசியத்துக்குச் சட்டம் இல்லைத்தானே. தன்ரை வாயாலைதான் நீர் விழுந்தனீர் எண்டு நினைக்கிற ஒருத்தர் என்ரை வீட்டிலை இருக்கிறார், உமக்காக ரீவியைச் சுத்தி உப்பு எறிஞ்சவர் எண்டன். நாவூறு எண்டால் என்ன எண்டும் சொன்னன். சிரிச்சாள், கண்ணாலை தண்ணி வருமட்டும். பேந்து, "அவருக்கு ஏன் என்னிலை இவ்வளவு?" எண்டு கேட்டாள்.

"நம்பர் ஐம்பத்துநாலிலை இருந்து," எண்டன்.

சிரிப்பு நிண்டுது.

"ஐம்பத்துநாலையோ? அதைப் பார்த்தவரோ?"

"கடைசி ஆள் மட்டும் பார்ப்பார்."

கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அண்டைக்கு என்ரை அம்மாவும் பார்க்கேல்லை. இனி ஆர் வரப்போயினம் எண்டு ரீவியை நிப்பாட்டிப்போட்டு மாட்டுக்குத் தீன் வைக்கப் போட்டா. நான் கீழே வந்து பார்க்கிறன், கொடி பிடிச்ச சனம் எல்லாம் பஸ்ஸுக்குப் போட்டுது. ஒருத்தரும் பார்க்கேல்லை எண்டுதான் இவ்வளவு வரியமும் நினைச்சிருந்தனான்."

அவள் அழுதாள். நானும் அழுதன். ஃபிசியோ நோயாளியோடை சேர்ந்து அழக்கூடாது எண்டு படிப்பிச்சவை. பறவாயில்லை.

"அவரிட்டைச் சொல்லும்," எண்டாள். "அந்த வளைவிலை நானும் அதையேதான் சொன்னனான், மனதுக்குள்ளை. இண்டைக்கு நான்தான் எண்டு. அந்த ஒரு கணம் காலை மறந்துபோனன். அவரின்ரை வாய் இல்லை, என்ரை தலை."

"எனக்கு வாய்க்கட்டு."

"நான் அவிட்டு விடுறன்."

"எழுத்திலை வேணும்." என்ன செய்ய, ஜெர்மனியிலை வளர்ந்த பிள்ளை நான்.

மூட்டிலை ஒட்டுற நீல ஒட்டுநாடா கிடந்தது. ஒரு துண்டைக் கிழிச்சு, அதிலை 'சொல்லலாம்' எண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு, என்ரை முழங்கையிலை ஒட்டிவிட்டாள். பேந்து யோசிச்சுப்போட்டு ஒரு நிபந்தனை போட்டாள்.

"சொல்லாதேயும், எழுதும். பேரையும் ஊரையும் மாத்தும். இந்தப் பனிக்கு அதே மலைக்குத் திரும்பப் போறன். ஒரேயொருக்கா. வெல்லுறதுக்கு இல்லை. ஹெலியிலை தூக்கிக்கொண்டுபோன மலையிலை இருந்து என்ரை காலாலை கீழே வரவேணும், அதுக்குப் பிறகு காணும், ஓட்டத்தை விட்டிடுவன். அவர் அதுக்கு முன்னம் வாசிக்கட்டும். ஆனால் முடிவை எழுதாதேயும். அது என்ரை வேலை."

6

அவள் சொன்னால் கேக்கவேணுமோ? கதை என்னுடையது. முடிவு இல்லாத கதை, உப்பில்லாத கஞ்சி. களவாய் எழுதிப் பார்த்தன்.

முடிவு ஒண்டு: "புர்கி உச்சிக்குப் போனாள். கீழே பார்த்தாள். பிறகு ஸ்கீக் கட்டைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பி…" [இது நான் பயந்து எழுதினது. அவள் பயந்தவள்தான், ஆனால் திரும்பிற ஆள் இல்லை.]

முடிவு இரண்டு: [எழுதேல்லை. எழுதமாட்டன். நீங்கள் நினைக்கிறது எனக்குத் தெரியும், அதையும் நினையாதேங்கோ.]

முடிவு மூண்டு: "கடைசிக்கு முதல் வளைவு வந்தது. புர்கி அதைத் தாண்டி…"

இந்த வசனத்திலை என்ரை கை நிண்டிட்டுது. நல்ல முடிவுதானே, எழுதன் எண்டு எனக்கே சொன்னன். எழுத ஏலாமல் கிடந்தது. உடம்பின்ரை எலும்பு நரம்பு எல்லாத்தையும் மூண்டு வரியம் பாடமாக்கினவள் நான். மனுசன் மிளகாய் சுட்டதுக்குச் சிரிச்சவள். அவள் வந்து சேருறதை முதலே எழுதினால் பட்டுப்போகும் எண்டு என்ரை பேனை நிக்குது. புர்கியின்ரை கை எந்த இடத்திலை நிண்டதோ, அந்த இடத்திலையே.

தபோவைப் பார்த்து நான் சிரிச்சிருக்கக்கூடாது.

7

இண்டைக்குச் சனிக்கிழமை. இண்டைக்குத்தான் ஓட்டம்.

காலமை ஆறு பகுதியையும் அச்சடிச்சு தபோவின்ரை தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்திலை வைச்சன்.

"என்ன இது?"

"கதை. வாசியுங்கோ."

"நீளமோ?"

"வாசியுங்கோப்பா."

நான் குசினி மேசையிலை இருந்து இந்தப் பகுதியை எழுதுறன். கதவு திறந்து கிடக்கு. தாள் பிரட்டுற சத்தம் கேக்குது. "துருக்கிக் கடை எண்டு நான் சொல்லேல்லை," எண்டு ஒரு குரல் வந்தது. சொன்னவர்தான். அதுக்குப் பிறகு கனநேரம் ஒண்டும் கேக்கேல்லை. ஐந்தாம் பகுதியாய் இருக்கவேணும்.

இப்ப எழும்பி வாறார். கண் சிவந்திருக்கு. என்ரை முகத்தைப் பார்க்கேல்லை. என்ரை இரண்டு கையையும் பிடிச்சு, பிரட்டிப் பிரட்டிப் பார்க்கிறார்.

"இந்தக் கையாலையோ?"

"ஓம்."

"இவ்வளவு நாளும் பருப்பைக் கிளறிக்கொண்டு நிண்டனீர்."

"சட்டமப்பா."

ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினார். ரவுக்மெல்டருக்கு ஒரு பொலித்தீன் பையைச் சுத்தி றப்பர் வளையம் போட்டார். இறங்கி வந்து உப்புப் போத்திலை எடுத்தார். மிளகாய் எங்கடை தமிழ்க் கடையிலை வாங்கினது, அதையும் ஒருக்கா மணந்து பார்த்துக்கொண்டார். பிறகு, ஒரு வரியத்துக்குப் பிறகு, ரீவியைப் போட்டார்.

"எத்தினையாம் நம்பர் அவள்?"

(ஐம்பத்துநாலு எண்டு எழுத எனக்கு எவ்வளவு ஆசை. கதை வடிவாய் முடியும்.) நாற்பத்தெட்டு. ஒரு வரியம் ஓடாதபடியாலை பின்னுக்குத் தள்ளிப்போட்டினம். வெல்லுறவை வெண்டு முடிஞ்சுது, பூவும் குடுத்தாச்சு, சனம் பஸ்ஸுக்கு நடக்குது. பாதை கிழிஞ்சு கிடக்கு. எங்கடை கட்டிடத்திலை இதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் எண்டு நினைக்கிறன்.

நாற்பத்தேழாம் நம்பர் ஓடி முடிஞ்சுது. புர்கியைக் காட்டுறாங்கள். உச்சியிலை கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறாள். கை நெளியுது. ஒரு கொடி, அடுத்த கொடி, நடுவிலை அந்த நீட்டுப் பாய்ச்சல், பேந்து இடம், பேந்து வலம். தபோ உப்பு மிளகாய்க் கையோடை ரீவியைச் சுத்துறார், ஒண்டு, இரண்டு. அந்த வளைவுக்குக் கிட்டக் கை வருது. அந்த நேரம் பார்த்துக் கமராக்காரன் மணிக்கூட்டைக் காட்டுறான்.

"கை நிண்டதோ?" எண்டு தபோ என்னைக் கேக்கிறார்.

"தெரியேல்லை. காட்டேல்லை."

மூண்டாவது சுத்தை முடிச்சுப்போட்டு, பொத்தின கையோடை வந்து எனக்குப் பக்கத்திலை இருக்கிறார். மற்றக் கையாலை தன்ரை வாயைப் பொத்திக்கொள்ளுறார். மணி அடிக்குது. அவள் வெளிக்கிட்டிட்டாள்.

நான் பேனையை வைக்கிறன், எனக்குப் பார்க்கவேணும். உங்களுக்கும் இப்ப ஒரு முடிவு வாயிலை வந்து நிக்கும். நல்ல முடிவுதான், எனக்குத் தெரியும். தயவுசெய்து சொல்லிப்போடாதேங்கோ. அவள் கீழே வந்து சேரட்டும்.